தஞ்சக் கோரிக்கை மறுக்கப்பட்டால்: இங்கிலாந்தில் அரசுச் செலவில் சொலிசிட்டர் எடுப்பது எப்படி?

என் சித்தப்பாவின் மகனுக்கு ஹோம் ஒபிஸில் (உள்துறை அமைச்சில்) இருந்து மறுப்புக் கடிதம் வந்த அன்று நாங்கள் செய்த முதல் வேலை, காசு சேர்த்ததுதான். ஈஸ்ட்ஹாமில் இருக்கும் மாமா 500 பவுண் தந்தார். நான் 700. ஊர்ப் பெடியன் ஒருவன் சீட்டை முந்தி எடுத்து 600 தந்தான். மொத்தம் 1,800 பவுணை ஒரு தனியார் சொலிசிட்டரிடம் (சட்டத்தரணியிடம்) கட்டினோம். அவர் ஒரு கடிதம் எழுதினார். அப்பீலுக்கு இன்னும் 2,500 வேண்டும் என்றார். அதற்குள் எட்டு நாள் போய்விட்டது.

தம்பி அப்போது ஹோம் ஒபிஸ் கொடுத்த ஹோட்டலில், வாரத்துக்கு 10 பவுணுக்கும் குறைந்த கைச்செலவுக் காசில் இருந்தான். அவனுடைய கேஸை அரசுச் செலவில், அதாவது லீகல் எய்டில், நடத்தும் உரிமை முதல் நாளிலேயே அவனுக்கு இருந்தது. நாங்கள் காசு கட்டிய இடத்தில் அதை ஒருவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. ஒன்பதாவது நாள் ஒரு தேவாலயத்தில் தன்னார்வத் தொண்டு செய்யும் அம்மா ஒருவர்தான், “லீகல் எய்ட் கேட்டுப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். மிச்சம் இருந்த ஐந்து நாளில் ஓடித் திரிந்து கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன்.

இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனி அமைப்புகள், தனி விதிகள். கீழே உள்ள தொகைகள் நான் இதை எழுதும்போது நடைமுறையில் உள்ளவை. விண்ணப்பிக்கும் நாளில் அரசின் இணையப் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. உங்கள் கேஸ் லீகல் எய்டுக்குள் வருகிறதா?

குடிவரவுக் கேஸ் எல்லாவற்றுக்கும் அரசு காசு கொடுப்பதில்லை. 2013 ஏப்ரலுக்குப் பிறகு பெரும்பாலானவற்றை வெளியே தள்ளிவிட்டார்கள். இன்னும் உள்ளே இருப்பவற்றில் இலங்கைத் தமிழரான நம் ஆட்களுக்கு முக்கியமானவை இவை: அகதித் தஞ்சக் கோரிக்கையும் அதன் அப்பீலும். மறுக்கப்பட்ட பிறகு புதிய ஆதாரத்தோடு மீண்டும் கொடுக்கும் கோரிக்கை. திருப்பி அனுப்பினால் சித்திரவதையோ உயிராபத்தோ வரும் என்ற மனித உரிமை வாதம். தடுப்புக் காவலை எதிர்ப்பதும் பிணை கேட்பதும். குடும்ப வன்முறையால் கணவனையோ மனைவியையோ பிரிந்தவரின் நிரந்தர வதிவிட விண்ணப்பம். ஆட்கடத்தலுக்கு உள்ளானவர்களின் விசா விவகாரம். பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல் தனியாக வந்த 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் கேஸ்.

வெளியே இருப்பவை: மாணவர் விசா, வேலை விசா, மனைவி பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள் என்ற குடும்ப வாழ்க்கை வாதம். பராமரிப்பு வேலைக்கு வந்து, ஸ்பொன்சர் நிறுவனத்தின் உரிமம் பறிபோனதால் விசாக் காலம் குறைக்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு ஆட்களும் நம் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களும் இந்தப் பக்கம்தான். சிறைத் தண்டனைக்குப் பிறகு நாடு கடத்தும் கடிதம் வந்து, குடும்பத்தைக் காரணம் காட்டிப் போராடுபவர்களும் அப்படியே. ஆனால் இவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அது 8ஆம் படியில்.

இரண்டும் கலந்த கேஸ் நிறைய உண்டு. ஊருக்குப் போனால் ஆபத்து, இங்கே குழந்தையும் இருக்கிறது என்றால், ஆபத்துப் பகுதி லீகல் எய்டுக்குள் வரும், குழந்தைப் பகுதி வராது. “உங்கள் கேஸுக்கு லீகல் எய்ட் இல்லை” என்று யாராவது ஒற்றை வரியில் சொன்னால், எந்தப் பகுதிக்கு இல்லை என்று திருப்பிக் கேளுங்கள்.

2. கடிதத்தில் உள்ள திகதியில் இருந்து 14 நாளை எண்ணுங்கள்

நாங்கள் கிட்டத்தட்ட விழுந்தே போன குழி இது. தஞ்சக் கோரிக்கை மறுக்கப்பட்டு, நாட்டுக்குள் இருந்து அப்பீல் செய்யும் உரிமை இருந்தால், அதற்கு 14 நாள். அந்த 14 நாளை, முடிவு உங்களுக்கு அனுப்பப்பட்ட நாளில் இருந்து எண்ணுகிறார்கள். கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளில் இருந்து அல்ல. சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். ஹோட்டலில் இருப்பவர்களுக்குக் கடிதம் வரவேற்பு மேசையில் நாலைந்து நாள் கிடந்துவிட்டு வருவது சாதாரணம். கடித உறையை எறியாதீர்கள். தபால் முத்திரையோடு படம் எடுத்து வையுங்கள். கடிதம் எப்போது கைக்கு வந்தது என்று வரவேற்பில் இருப்பவரிடம் ஒரு வரி எழுதி வாங்க முடிந்தால் வாங்குங்கள். பிந்திப் போனால் கால நீட்டிப்புக் கேட்க அதுதான் ஆதாரம்.

சொலிசிட்டர் கிடைக்கவில்லை, நாள் முடிகிறது என்றால் அப்பீலை நீங்களே போடுங்கள். அப்பீலை விசாரிக்கும் முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் இணையச் சேவையில் சட்டத்தரணி இல்லாதவரும் பதியலாம். மறுப்புக் கடிதத்தின் படமும், ஹோம் ஒபிஸ் இலக்கமும், முகவரியும், மின்னஞ்சலும் போதும். காரணங்களைச் சுருக்கமாக எழுதுங்கள், ஆதாரத்தைப் பிறகு சேர்க்கலாம். அப்பீல் போட்ட பிறகும் லீகல் எய்ட் சொலிசிட்டர் கேஸை எடுக்கலாம். தம்பிக்கு அப்படித்தான் நடந்தது: 13ஆம் நாள் இரவு பத்தரை மணிக்கு என்னுடைய சமையலறை மேசையில் இருந்து பதிந்தோம், சொலிசிட்டர் கிடைத்தது மூன்று கிழமை கழித்து.

கட்டணம்: வாய்மொழி விசாரணைக்கு 140 பவுண், பேப்பரில் மட்டும் முடிவெடுக்க 80 பவுண். லீகல் எய்டில் இருப்பவரும் ஹோம் ஒபிஸின் தஞ்ச உதவி பெறுபவரும் கட்டத் தேவையில்லை. படிவத்தில் அதற்கான இடத்தில் உதவியின் இலக்கத்தைப் போடுங்கள். மிச்சம் பிடிப்பதற்காகப் பேப்பர் விசாரணையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களை நம்புவதா இல்லையா என்பதுதான் பெரும்பாலான தஞ்சக் கேஸ்களில் கேள்வி. நீதிபதி உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

கடிதத்தில் “தெளிவாக ஆதாரமற்றது” என்று சான்றிட்டிருந்தால் நாட்டுக்குள் இருந்து அப்பீல் இல்லை. அது நீதிமன்ற மீளாய்வுக்குப் போகும், வேறு வகையான லீகல் எய்ட். கடிதத்தின் கடைசிப் பக்கங்களில்தான் இது இருக்கும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரை வைத்து அந்தப் பக்கங்களை முதலில் வாசியுங்கள்.

3. வருமானச் சோதனைக்கான பேப்பர்களைச் சேருங்கள்

சொலிசிட்டரைத் தேடுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். அலுவலகத்தில் “எல்லாப் பேப்பரும் கையில் இருக்கிறது” என்று சொல்லும் ஆளைத்தான் சீக்கிரம் எடுப்பார்கள். பேப்பர் இல்லாமல் கோப்புத் திறந்தால் அவர்களுக்குக் காசு வராது.

தஞ்ச உதவியில் இருப்பவருக்கு இது எளிது. ஹோம் ஒபிஸ் உதவி வழங்கிய கடிதமும் ஏ.ஆர்.சி. அட்டையும் (தஞ்சம் கோரியவரின் பதிவு அட்டை) காட்டினால் வருமானச் சோதனையைத் தாண்டிவிடலாம். யுனிவர்சல் கிரெடிட் போன்ற உதவிப் பணம் பெறுபவருக்கு வருமானப் பகுதி தானாகச் சரியாகும். அண்மைய உதவிக் கடிதம் வேண்டும், சேமிப்பை மட்டும் பார்ப்பார்கள்.

மற்றவர்களுக்குக் கணக்கு இப்படி. மாத மொத்த வருமானம் 2,657 பவுணுக்கு மேல் போகக் கூடாது. வரி, வாடகை, பிள்ளைகளுக்கான கழிவு எல்லாம் போன பிறகு மிச்சம் 733 பவுணுக்கு மேல் இருக்கக் கூடாது. தனியாள், உங்களை நம்பி வாழ்பவர் யாரும் இல்லை என்றால், நீங்கள் எவ்வளவு வாடகை கொடுத்தாலும் 545 பவுண் வரைதான் கழிப்பார்கள். லண்டன் வாடகைக்கு இது நியாயமே இல்லை, ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. சேமிப்பு 8,000 பவுணுக்கு மேல் இருக்கக் கூடாது. தஞ்சம் சாராத குடிவரவு அப்பீலில் வழக்காட மட்டும் அந்த எல்லை 3,000. கணவன் மனைவி சேர்ந்து இருந்தால் இருவர் வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

கொண்டுபோக வேண்டியவை: கடைசி ஒரு மாதம் முழுவதற்கும் உரிய பாங்க் ஸ்டேட்மென்ட், உங்கள் பெயரில் உள்ள எல்லாக் கணக்குக்கும். மூடிய கணக்கு என்றால் மூடிய கடிதம். வேலை செய்ய அனுமதி உள்ளவர் என்றால் சம்பளத் துண்டு. வாடகை ஒப்பந்தம். எங்கள் பக்கம் பொதுவாகச் சிக்குவது இதில்தான்: உறவினர் வீட்டில் வாடகை கொடுக்காமல் இருப்பவருக்கு எந்தப் பேப்பரும் இருக்காது. அப்படியானால் அந்த வீட்டுக்காரரிடம் கடிதம் வாங்குங்கள். “இன்னார் என் வீட்டில் இந்தத் திகதியில் இருந்து இருக்கிறார், சாப்பாடும் இடமும் தருகிறேன், மாதம் இவ்வளவு கைச்செலவு தருகிறேன் அல்லது தருவதில்லை” என்று முகவரி, கையெழுத்து, திகதியோடு. கூடவே அவருடைய அடையாள அட்டைப் படமும் ஒரு வீட்டுப் பில்லும்.

கணக்கில் போய்வரும் காசைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஆட்கள் சீட்டுக் காசையும், ஊருக்கு அனுப்பக் கொடுத்த காசையும், நண்பனுக்கு வாங்கிக் கொடுத்த கடனையும் ஒரே கணக்கில் ஓட்டுவார்கள். ஸ்டேட்மென்டில் 2,000 பவுண் வந்து அடுத்த நாள் போயிருந்தால் கட்டாயம் கேட்பார்கள். ஒவ்வொரு பெரிய வரவுக்கும் யார் தந்தது, ஏன் தந்தது என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு போங்கள். சீட்டு எடுத்த காசு உங்கள் கணக்கில் கிடந்தால் அது உங்கள் சேமிப்பாகத்தான் தெரியும். ஊரில் உங்கள் பெயரில் காணி, வீடு இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இராணுவம் பிடித்து வைத்திருக்கும் காணி, விற்க முடியாத காணி என்றால் அந்த விவரத்தோடு சொல்லுங்கள். மறைத்தது பிறகு தெரிந்தால் லீகல் எய்டும் போகும், உங்கள் சொல்லை நீதிபதி நம்புவதும் போகும்.

லீகல் எய்டை நடத்தும் அரசு அமைப்பான லீகல் எய்ட் ஏஜென்சியின் கணினிகளுக்குள் யாரோ ஊடுருவியது 2025 ஏப்ரலில் தெரியவந்தது, விண்ணப்பதாரர்களின் விவரங்களை எடுத்துவிட்டார்கள். ஆகவே லீகல் எய்ட் என்று சொல்லி யாராவது போன் எடுத்து பாங்க் இலக்கமோ காசோ கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் சொலிசிட்டரின் அலுவலகத்துக்கு நீங்களே போன் எடுத்துக் கேளுங்கள். கொடுத்த ஒவ்வொரு பேப்பரின் பிரதியையும் உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.

4. லீகல் எய்ட் ஒப்பந்தம் உள்ள சொலிசிட்டரைத் தேடுங்கள்

எல்லாச் சொலிசிட்டரும் லீகல் எய்ட் செய்ய முடியாது. அரசோடு குடிவரவு, தஞ்சப் பிரிவில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். அரசின் “சட்ட ஆலோசகரைத் தேடுங்கள்” என்ற இணையப் பக்கத்தில் உங்கள் தபால் குறியீட்டைப் போட்டு, குடிவரவும் தஞ்சமும் என்ற பிரிவைத் தெரிவு செய்தால் பட்டியல் வரும்.

பட்டியல் நீளமாக இருக்கும், கேஸ் எடுப்பவர் குறைவு. அரசு கொடுக்கும் கூலி பல வருடமாக உயராமலே கிடந்ததால் நிறைய அலுவலகங்கள் இந்த வேலையைக் கைவிட்டுவிட்டன. சில ஊர்களில் ஒருவருமே இல்லை. நான் ஒரு கொப்பியில் எழுதி எழுதி 23 இடத்துக்குப் போன் எடுத்தேன். பதினாறில் “இடமில்லை” என்றார்கள். நாலில் போனே எடுக்கவில்லை. இரண்டில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் போட்டார்கள். ஒன்றில் எடுத்தார்கள். அது எங்கள் வீட்டில் இருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். தூரத்தைப் பார்க்காதீர்கள், தொலைபேசியிலும் வீடியோவிலும் சந்திப்பு நடத்தும் அலுவலகங்கள் உண்டு.

போன் எடுக்கும்போது கதையைத் தொடங்காதீர்கள். எடுப்பவருக்கு நேரமில்லை. இதை மட்டும் சொல்லுங்கள்: எந்த நாடு, தஞ்சக் கேஸ், எந்தத் திகதியில் மறுப்பு, அப்பீல் கடைசி நாள் எது, தஞ்ச உதவியில் இருக்கிறாரா, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பிறகு அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், மறுப்புக் கடிதத்தை இணைத்து. எத்தனை இடத்தில் கேட்டு இல்லை என்றார்கள் என்ற அந்தக் கொப்பிப் பதிவு பிறகும் உதவும். அப்பீல் பிந்தினாலோ விசாரணையைத் தள்ளிப்போடக் கேட்டாலோ, நீங்கள் சும்மா இருக்கவில்லை என்று காட்ட அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

தஞ்ச உதவியில் இருப்பவர்கள் மைக்ரன்ட் ஹெல்ப் அமைப்புக்கு இலவசமாகப் போன் எடுக்கலாம். தமிழில் கதைக்க மொழிபெயர்ப்பாளரைப் போடச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பகுதியில் சட்ட மையம் இருந்தால் நேரே போய் நில்லுங்கள்.

கடைத்தெருவில் “விசா உதவி” என்று பலகை போட்டிருக்கும் இடங்கள், கணக்காளர், விமான ரிக்கெட் முகவர், “எனக்கு ஹோம் ஒபிஸில் ஆள் இருக்கிறது” என்பவர்: இவர்களிடம் போகாதீர்கள். பதிவு இல்லாமல் குடிவரவு ஆலோசனை கொடுப்பது இந்த நாட்டில் குற்றம். ஆலோசகர் என்றால் குடிவரவு ஆலோசனை அதிகாரசபையின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். சொலிசிட்டர் என்றால் சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பதிவேட்டில். இரண்டையும் இணையத்தில் இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம். தமிழ் பேசுகிறார் என்பதற்காக மட்டும் ஒருவரை நம்பிவிடாதீர்கள். நாங்கள் 1,800 பவுண் கட்டியதும் தமிழ் பேசிய இடத்தில்தான்.

5. முதல் சந்திப்பு

படிவத்தில் கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் இருந்துதான் லீகல் எய்ட் தொடங்கும். அதற்கு முன் நீங்கள் செலவழித்ததைத் திருப்பித் தரமாட்டார்கள். ஆகவே ஊரில் இருந்து வந்த கடிதங்களை அவசரப்பட்டுக் காசு கொடுத்து மொழிபெயர்க்காதீர்கள். கிராம சேவகர் கடிதம், பொலிஸ் பதிவு, ஆஸ்பத்திரித் துண்டு, செஞ்சிலுவைச் சங்க அட்டை, ஊர்ச் சட்டத்தரணியின் கடிதம் எல்லாவற்றையும் அப்படியே கொண்டுபோங்கள். வந்த தபால் உறையையும் சேர்த்து. தேவையானதை அவர்கள் மொழிபெயர்ப்பிப்பார்கள், செலவு லீகல் எய்டில் போகும். மருத்துவ அறிக்கை, நாட்டு நிலைமை பற்றிய நிபுணர் அறிக்கை ஆகியவற்றுக்கும் அப்படியே. செலவு பெரிது என்றால் சொலிசிட்டர் முன் அனுமதி கேட்க வேண்டும், அதற்கு நேரம் எடுக்கும். உடம்பில் காயத் தழும்பு இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். வெட்கப்பட்டு விசாரணைக்கு இரண்டு கிழமைக்கு முன் சொன்னால், அறிக்கை எடுக்க நேரம் இருக்காது.

இலங்கைத் தமிழருக்கு மேல் தீர்ப்பாயம் 2013இலும் 2021இலும் கொடுத்த வழிகாட்டுத் தீர்ப்புகள் இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டுத்தான் உங்கள் கேஸை நிறுப்பார்கள். இங்கே வந்த பிறகு நீங்கள் போன ஊர்வலம், மாவீரர் நாள், அமைப்பு வேலை எல்லாம் அந்த அளவுகோலில் வரும். படம், திகதி, நீங்கள் என்ன பொறுப்புச் செய்தீர்கள் என்ற விவரம் மூன்றும் வேண்டும். கூட்டத்தில் நின்ற ஒரு படத்தை மட்டும் கொடுத்தால் போதாது. செய்யாததைச் செய்ததாகச் சொல்லவும் வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர் விடயத்தில் பிடிவாதமாக இருங்கள். இலங்கைத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். தம்பியின் ஹோம் ஒபிஸ் இன்டர்வியூவில் “இயக்கப் பெடியள் வந்து கதைச்சவை” (இயக்கப் போராளிகள் வந்து பேசினார்கள்) என்றதை, சின்னப் பையன்கள் வந்து கதை சொன்னதாக மாற்றிவிட்டார்கள். மறுப்புக் கடிதத்தில் அதையே முரண்பாடு என்று எழுதியிருந்தார்கள். இன்டர்வியூவின் ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கலாம். எங்களுக்கு அந்த ஒலிப்பதிவுதான் பிறகு கைகொடுத்தது.

இன்னும் ஒன்று. லீகல் எய்டில் கோப்புத் திறந்த பிறகு, அந்த வேலைக்காக உங்களிடம் மேலதிகக் காசு வாங்கச் சட்டத்தில் இடமில்லை. “ஃபைல் திறக்க 100, மொழிபெயர்ப்புக்கு 150” என்றால், எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

6. அப்பீலுக்கு வெற்றி வாய்ப்புச் சோதனை

ஆரம்ப ஆலோசனைக்கும் வாக்குமூலம் எழுதவும் ஒரு வகை லீகல் எய்ட். தீர்ப்பாயத்தில் வந்து வழக்காட இன்னொரு வகை, அதற்குத் தனியாகக் கையெழுத்து. இந்த இரண்டாவதற்கு வருமானத்தோடு வெற்றி வாய்ப்பையும் பார்க்கிறார்கள். பாதிக்கு மேல் வாய்ப்பு இருந்தால் கொடுக்கலாம். இப்படியா அப்படியா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாத தஞ்சக் கேஸுக்கும் கொடுக்க இடமுண்டு. வாய்ப்பு குறைவு என்று தெளிவாகத் தெரிந்தால்தான் இல்லை.

இந்த முடிவைப் பெரும்பாலும் எடுப்பது உங்கள் சொலிசிட்டர்தான், அரசு அல்ல. இதை நான் மிகவும் பிந்தித்தான் அறிந்தேன். “மெரிட்ஸ் (வெற்றி வாய்ப்பு) இல்லை” என்று அவர் சொன்னால் அதோடு எல்லாம் முடிந்ததாக நினைத்து வீட்டுக்குப் போகாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சி.டபிள்யூ. 4 என்ற படிவத்தைக் கேளுங்கள். அதை நிரப்பி அனுப்பினால் லீகல் எய்ட் ஏஜென்சி அந்த முடிவை மீளப் பார்க்கும். அந்தப் படிவத்தைத் தருவது அவர்களுடைய கடமை. மீளாய்வு நடக்கும்போதும் அப்பீல் நாள் நகர்ந்துகொண்டே இருக்கும், ஆகவே அப்பீலைப் பதிந்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

அப்பீல் பதிந்ததில் இருந்து விசாரணை நாள் வரப் பல மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். அந்தக் காலத்தில் முகவரி, தொலைபேசி மாறினால் ஹோம் ஒபிஸ், தீர்ப்பாயம், சொலிசிட்டர் மூவருக்கும் தனித்தனியாக அறிவியுங்கள். ஒருவருக்குச் சொன்னால் மற்றவருக்குப் போகாது. வேலை கிடைத்து வருமானம் கூடினாலும் சொலிசிட்டருக்குச் சொல்ல வேண்டும்.

தீர்ப்பாயமும் மறுத்தால், மேல் தீர்ப்பாயத்துக்குப் போக அனுமதி கேட்க மறுபடியும் 14 நாள். தீர்ப்பு வந்த அன்றே சொலிசிட்டருக்குப் போன் எடுங்கள்.

7. சொலிசிட்டரை மாற்றுவது

ஒரு லீகல் எய்ட் அலுவலகத்தில் கோப்புத் திறந்து ஆறு மாதத்துக்குள், அதே விடயத்துக்கு இன்னொரு அலுவலகத்தில் திறக்க நல்ல காரணம் வேண்டும். “போன் எடுக்கிறார் இல்லை” என்று வாயால் சொன்னால் புதிய இடத்தில் தயங்குவார்கள். முதலில் பழைய இடத்துக்கு மின்னஞ்சலில் முறைப்பாடு எழுதுங்கள், பதிலை வைத்திருங்கள். தனியாரிடம் காசு கட்டி ஏமாந்தவருக்கு இந்தத் தடை இல்லை, அது லீகல் எய்ட் கோப்பு அல்ல.

பழைய கோப்பைத் தராமல் இழுத்தடித்தால், ஹோம் ஒபிஸிடமே உங்கள் கோப்பைக் கேளுங்கள். தனிநபர் தகவல் கோரிக்கைக்குக் கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். முறையற்ற கட்டணம், கவனயீனம் பற்றி, அலுவலகத்தின் இறுதிப் பதிலுக்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் சட்டச் சேவைக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். அதுவும் இலவசம். நாங்கள் போனோம். 1,800இல் 1,100 பவுண் திரும்பி வந்தது. முதலில் கொடுத்தது ஊர்ப் பெடியனுடைய சீட்டுக் காசைத்தான்.

8. லீகல் எய்டுக்கு வெளியே நிற்பவர்களுக்கு

குடும்ப வாழ்க்கைக் கேஸ், தண்டனைக்குப் பிந்திய நாடு கடத்தல் ஆகியவற்றுக்கு “விதிவிலக்கு நிதி” என்று ஒன்று உண்டு. ஈ.சி.எஃப். என்பார்கள். சட்டத்தரணி இல்லாமல் உங்கள் உரிமையை நீங்களே சரியாக எடுத்து வைக்க முடியாது என்று காட்டினால் கொடுக்க வேண்டும். 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, முன்பிருந்த அளவுக்கு இறுக்கம் இல்லை. வருமானச் சோதனை இதற்கும் உண்டு.

படிவத்தின் பெயர் சி.ஐ.வி. ஈ.சி.எஃப். 1. சொலிசிட்டர் இல்லாமல் நீங்களே அனுப்பலாம். அதில் மூன்று விடயத்தைத் தெளிவாக எழுதுங்கள். எதை இழக்கப் போகிறீர்கள்: பிள்ளையின் வயது, பள்ளிக்கூடம், உங்களோடு இருக்கும் பிணைப்பு. கேஸ் ஏன் சிக்கலானது: எத்தனை சட்டம், எத்தனை ஆவணம், நிபுணர் அறிக்கை வேண்டுமா. உங்களால் ஏன் தனியாக முடியாது: ஆங்கிலம், படிப்பு, மனநிலை, மருந்து. மூன்றாவதற்குக் குடும்ப மருத்துவரின் கடிதம் ஒன்று இருந்தால் நல்லது. முடிவு வரச் சில வாரம் போகும். விசாரணை நாளோ அனுப்பும் நாளோ குறித்துவிட்டார்கள் என்றால், அவசரம் என்று முதல் பக்கத்திலேயே எழுதி அந்தக் கடிதத்தையும் இணையுங்கள். நிதி கிடைத்த பிறகும் வேலையைச் செய்ய ஒப்பந்தம் உள்ள சொலிசிட்டர் வேண்டும். ஆகவே 4ஆம் படியையும் சேர்த்தே செய்யுங்கள்.

9. பிடித்துத் தடுப்பில் வைத்தால்

ஹோம் ஒபிஸ் குறித்த நாளில் கையெழுத்துப் போடப் போன இடத்தில் வைத்தே பிடிப்பதுண்டு. அன்று உள்ளே போகும்போது கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் வெளியே நிற்கச் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வெளியே வராவிட்டால் சொலிசிட்டருக்குப் போன் எடுக்க வேண்டியது அவர்.

ஹீத்ரோ, கெட்விக், யார்ள்ஸ் வூட் போன்ற இங்கிலாந்தின் தடுப்பு நிலையங்களில் 30 நிமிட இலவச சட்ட ஆலோசனை உண்டு. அதற்கு வருமானமும் பார்ப்பதில்லை, வெற்றி வாய்ப்பும் பார்ப்பதில்லை. நூலகத்திலோ நலன்புரி அலுவலகத்திலோ பெயர் கொடுக்க வேண்டும். போன அன்றே கொடுங்கள், வரிசை நீளமாக இருக்கும். சிறையில் குடிவரவுக் காவலில் வைத்திருப்பவருக்கும் தொலைபேசியில் 30 நிமிடம் உண்டு. அரை மணி நேரத்தில் மொழிபெயர்ப்பும் நடக்க வேண்டும் என்பதால், எல்லாவற்றையும் சொல்ல முயலாதீர்கள். என்ன கடிதம் தந்தார்கள், அனுப்பும் திகதி இருக்கிறதா, அப்பீல் நிலுவையில் இருக்கிறதா, உடல்நலம் எப்படி, வெளியே தங்க முகவரி இருக்கிறதா என்பவற்றைச் சொல்லிவிட்டு, “என் கேஸை எடுக்கிறீர்களா, பிணைக்குப் போடுவீர்களா?” என்று கேளுங்கள்.

தீர்ப்பாயத்தில் பிணை கேட்கும் படிவம் பி 1, கட்டணம் இல்லை. வெளியே இருக்கும் குடும்பம் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: தங்கப் போகும் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம், வீட்டு ஒப்பந்தம், பொறுப்பு நிற்பவரின் பாங்க் ஸ்டேட்மென்ட், சம்பளத் துண்டு, விசா விவரம். பொறுப்பு நிற்பவர் எவ்வளவு காசு வைக்கிறார் என்பதைவிட, அவர் உங்களை எவ்வளவு காலமாக அறிந்தவர், எத்தனை முறை பார்க்க வருவார் என்பதைத்தான் நீதிபதி அதிகம் கேட்பார். சட்டத்தரணி கிடைக்காதவர்களுக்கு பெயில் போர் இமிகிரேஷன் டிடெய்னீஸ் என்ற தொண்டு நிறுவனம் உதவுகிறது. அவர்களுடைய கையேட்டை வைத்துத் தாங்களே பிணை எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

தடுப்பில் உங்கள் ஸ்மார்ட் போனை வாங்கிவிட்டு, கெமரா இல்லாத சாதாரண போன்தான் தருவார்கள். மனப்பாடமாக இலக்கம் தெரியாதவர் அங்கே யாரையும் அழைக்க முடியாது. ஆகவே கையெழுத்துப் போடப் போகும் ஒவ்வொரு முறையும் சட்டைப் பையில் ஒரு துண்டு வைத்திருங்கள்: ஹோம் ஒபிஸ் இலக்கம், அப்பீல் இலக்கம், சொலிசிட்டரின் பெயரும் தொலைபேசியும், வீட்டார் இருவரின் தொலைபேசி, எடுக்கும் மருந்துகளின் பெயர். அதே துண்டின் பிரதி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலும் ஒட்டியிருக்கட்டும். தம்பி இன்னும் மாதம் ஒருமுறை போகிறான். அவனுடைய துண்டை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன், மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு.